கழித்தல் தெரிந்தால் போதும், ஸ்டாப்வாட்ச் எழுதலாம்

பைத்தானில் இஃப், லூப், ஃபங்ஷன் வரை வந்துவிட்டவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "இந்தக் கறுப்புத் திரையை விட்டு எப்போது வெளியே வருவது? பட்டன், விண்டோ எல்லாம் வைத்து ஏதாவது செய்யலாமே?" செய்யலாம். கால்குலேட்டரில் தொடங்கச் சொல்பவர்கள் அதிகம். என்னைக் கேட்டால் முதல் பயிற்சிக்கு ஸ்டாப்வாட்ச்தான் சரி. கால்குலேட்டரை நீங்கள் தொட்டால் பதில் சொல்லும், மறுபடி சும்மா உட்கார்ந்துவிடும். ஸ்டாப்வாட்ச்சில் யாரும் தொடாவிட்டாலும் எண்கள் ஓட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டனை அழுத்தினால் அந்த நொடியே சொன்னபடி கேட்கவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே நிரலில் சேர்த்து வைக்கும்போது, வரைகலை இடைமுகம் எப்படி வேலை செய்கிறது என்பது தானாகவே பிடிபட்டுவிடும்.

விண்டோ, பட்டன் எல்லாம் வைக்க, பைத்தானோடு வரும் டிகேஇன்டர் என்ற தொகுப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் அடியில் இருப்பது டிகே என்ற கருவித்தொகுப்பு. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜான் ஔஸ்டர்ஹௌட் அதை உருவாக்கி 30 ஆண்டுகளுக்கு மேலாகிறது. பார்க்கக் கொஞ்சம் பழைய வாடை அடிக்கும். ஆனால் விண்டோஸில் பைத்தானை நிறுவும்போதே கூட வந்துவிடும், தனியாக எதையும் இறக்க வேண்டாம். உபுண்டுவில் மட்டும் 'பைத்தான்3-டிகே' என்ற தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். டெர்மினலில் 'பைத்தான் -எம் டிகேஇன்டர்' என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். சின்னதாக ஒரு விண்டோ திறந்தால் எல்லாம் தயார்.

கீழே நிரலைத் தமிழிலேயே படிப்படியாக எழுதியிருக்கிறேன். உங்கள் கணினியில் அடிக்கும்போது இஃப், டெஃப் போன்ற பைத்தானின் சொந்தச் சொற்களை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மாறிகளுக்கும் ஃபங்ஷன்களுக்கும் தமிழிலேயே பெயர் வைத்தாலும் பைத்தான் 3 மறுக்காது.

விண்டோவும் பட்டன்களும்

இந்தப் பகுதி சுலபம். ஒரு விண்டோ, அதில் நேரத்தைக் காட்ட ஒரு லேபிள், அதன் கீழே தொடங்கு, நிறுத்து, மீட்டமை என்று மூன்று பட்டன்கள். லேபிளில் முதலில் 00:00.00 என்று எழுதி வையுங்கள். எழுத்துருவைப் பெரிதாக, 48 அளவில் வைக்கலாம். கூரியர், கன்சோலாஸ் மாதிரி எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருக்கும் எழுத்துருவாகப் பார்த்து எடுங்கள். சில எழுத்துருக்களில் 1 ஒல்லி, 8 குண்டு. அவற்றைப் போட்டால் நேரம் ஓட ஓட எண்கள் இடமும் வலமுமாக நடுங்கும், பார்க்கவே எரிச்சலாக இருக்கும்.

பட்டன்களில் தமிழ் எழுதினால் விண்டோஸில் பொதுவாகச் சிக்கல் வராது. லினக்ஸில் 'தொடங்கு' என்பதில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கக்கூடும். அது உங்கள் நிரலின் தவறு இல்லை. டிகே அங்கே எழுத்துகளைக் கோத்து வரைவதில் உள்ள பழைய குறை. அப்படி வந்தால் இப்போதைக்கு ஆங்கிலப் பெயரை வைத்துவிட்டு மேலே போங்கள்.

பட்டனுக்கு ஒரு ஃபங்ஷனை இணைக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். 'கமாண்ட்' என்ற இடத்தில் ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுக்க வேண்டும், பின்னால் அடைப்புக்குறி போடக் கூடாது. அடைப்புக்குறி போட்டால் "இப்போதே ஓட்டு" என்று பொருள். பட்டனைத் திரையில் வைக்கும்போதே ஃபங்ஷன் ஒரு தடவை ஓடி முடிந்துவிடும், அப்புறம் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. பிழைச் செய்தியும் வராது. அதனால்தான் புதிதாக வருபவர்கள் இதில் மணிக்கணக்காக மாட்டிக்கொள்கிறார்கள்.

எல்லோரும் முதலில் எழுதுவது

தொடங்கு பட்டனுக்குள் என்ன எழுதுவது? உடனே தோன்றுவது இப்படித்தான் இருக்கும்: ஒரு முடிவில்லாத லூப் போடு, ஒரு நொடி தூங்கு, எண்ணில் ஒன்றைக் கூட்டு, லேபிளை மாற்று. கறுப்புத் திரையில் இது அழகாக வேலை செய்யும். விண்டோவில் இதைப் போட்டால் தொடங்கு பட்டன் அழுத்திய நிலையிலேயே உறைந்துவிடும். எண் மாறாது. நிறுத்து பட்டன் கேட்காது. மூடும் பெருக்கல் குறியும் வேலை செய்யாது. கொஞ்ச நேரத்தில் விண்டோவின் தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்து நிற்கும்.

காரணம் இதுதான். டிகேஇன்டர் நிரலின் கடைசி வரியில் 'மெயின்லூப்' என்று ஒன்றைக் கூப்பிடுவோம். அந்த வரியோடு நிரல் முடிந்துவிடுவதில்லை, அங்கேதான் அதன் வாழ்க்கையே தொடங்குகிறது. மெயின்லூப் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். மவுஸ் நகர்ந்ததா, பட்டன் அழுந்தியதா, விண்டோவின் ஏதாவது ஒரு பகுதியை மறுபடி வரைய வேண்டுமா என்று பார்க்கும். ஏதாவது வந்தால் அதற்குரிய ஃபங்ஷனை ஓட்டும், அது முடிந்ததும் அடுத்ததைப் பார்க்கும். எல்லாமே ஒரே வரிசையில், ஒன்றன் பின் ஒன்றாகத்தான். ஒற்றை மாஸ்டர் நிற்கும் டீக்கடை மாதிரி. பால் பொங்கும் வரை பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு அவர் நின்றுவிட்டால், வந்தவர்கள் ஆர்டர் சொன்னாலும் காதில் விழாது, காசு கொடுத்தாலும் கை நீளாது. உங்கள் ஃபங்ஷனுக்குள் 'தூங்கு' என்று எழுதினால் தூங்குவது அந்த ஃபங்ஷன் மட்டும் இல்லை, மொத்தக் கடையும்தான். நீங்கள் லேபிளில் புதிய எண்ணை எழுதியிருந்தாலும் அதைத் திரையில் வரைய வேண்டியது மெயின்லூப். அது உங்கள் ஃபங்ஷன் முடியட்டும் என்று காத்திருக்கிறது. நீங்களோ முடிவில்லாத லூப் போட்டிருக்கிறீர்கள்.

ஆகவே விண்டோ நிரலில் எந்த ஃபங்ஷனும் வந்த வேலையைச் சட்டென்று முடித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். காத்திருக்க வேண்டிய வேலை என்றால் அந்தக் காத்திருப்பை மெயின்லூப்பிடமே விட்டுவிடலாம். அதற்காகவே 'ஆஃப்டர்' என்ற வசதி இருக்கிறது. "50 மில்லிசெகண்ட் கழித்து இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடலாம். மெயின்லூப் அதைக் குறித்து வைத்துக்கொண்டு மற்ற வேலைகளைப் பார்க்கும், நேரம் வந்ததும் கூப்பிடும். கூப்பிடப்படும் ஃபங்ஷன் லேபிளை மாற்றிவிட்டு, "இன்னொரு 50 கழித்து மறுபடி என்னைக் கூப்பிடு" என்று கேட்டுவிட்டுத் திரும்பும். லூப் என்று ஒரு சொல்கூட எழுதாமல் ஒரு லூப் ஓடிக்கொண்டிருக்கும்.

இங்கேயும் அந்த அடைப்புக்குறிப் பொறி உண்டு. ஆஃப்டருக்குள் ஃபங்ஷன் பெயரோடு அடைப்புக்குறியும் போட்டுவிட்டால், 50 மில்லிசெகண்ட் காத்திருக்காமல் ஃபங்ஷன் அங்கேயே தன்னைத் தானே கூப்பிடும், அது மறுபடி தன்னைக் கூப்பிடும். பைத்தான் இப்படி ஒன்றுக்குள் ஒன்றாகச் சுமார் 1000 அழைப்புகள் வரைதான் பொறுத்துக்கொள்ளும், அப்புறம் 'ரிகர்ஷன் எர்ரர்' என்று கத்திவிடும். பட்டனில் செய்தால் சத்தமே இல்லாத தவறு, இங்கே ஊரைக் கூட்டுகிறது. அந்த வகையில் இது பரவாயில்லை.

எண்ணாதீர்கள்

சரி, ஆஃப்டர் தெரிந்துவிட்டது. இனி 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கூப்பிடச் சொல்லி, ஒவ்வொரு முறையும் எண்ணில் 10 கூட்டினால் ஸ்டாப்வாட்ச் வந்துவிடும் அல்லவா? இணையத்தில் கிடைக்கும் பல பாடங்களும் இப்படித்தான் சொல்லித் தருகின்றன. எழுதி ஓட்டிப் பார்த்தால் எண்கள் அழகாக ஓடும். பக்கத்தில் மொபைலின் ஸ்டாப்வாட்ச்சை வைத்து ஒரு நிமிடம் ஒப்பிட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் குட்டு.

'10 கழித்துக் கூப்பிடு' என்றால் 'குறைந்தது 10 கழித்துக் கூப்பிடு' என்றுதான் பொருள். சரியாகப் பத்தாவது மில்லிசெகண்டில் கூப்பிடுவேன் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. மெயின்லூப் வேறு வேலையில் இருந்தால் தாமதமாகும். உங்கள் ஃபங்ஷன் ஓடவும் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதற்குப் பிறகுதான் அடுத்த 10 தொடங்குகிறது. விண்டோஸில் இன்னொரு சங்கதியும் சேரும். அங்கே டைமரின் வழக்கமான துடிப்பு நொடிக்கு 64 முறை, அதாவது ஏறத்தாழ 15.6 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. நீங்கள் 10 கேட்டாலும் அடுத்த துடிப்பு வரும்போதுதான் எழுப்பிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிஜத்தில் ஒரு நிமிடம் போனால் 60 × 64 = 3840 முறை உங்கள் ஃபங்ஷன் ஓடியிருக்கும். ஒவ்வொரு முறையும் நீங்கள் 10 மில்லிசெகண்ட் கூட்டியிருக்கிறீர்கள். ஆக 38,400 மில்லிசெகண்ட். உலகத்தில் ஒரு நிமிடம் ஓடியபோது உங்கள் ஸ்டாப்வாட்ச்சில் 38.4 நொடிதான் ஓடியிருக்கும். லினக்ஸில் வித்தியாசம் இவ்வளவு மோசமாக இருக்காது, ஆனால் பிந்துவது நிச்சயம். ஒவ்வொரு தாமதமும் முந்தையதோடு சேர்ந்துகொண்டே போகும், தானாகச் சரியாகாது. 10க்குப் பதில் 15.6 கூட்டினால் சரியாகிவிடாதா என்று யோசிக்க வேண்டாம். வேறொரு கணினியில் வேறொரு எண் வரும்.

மாற்று வழி மிக எளிது. தொடங்கு அழுத்திய நொடியில் கணினியின் கடிகாரத்தைப் பார்த்து ஒரு மாறியில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் லேபிளை மாற்றும் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தை மறுபடி பார்த்து, அதிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, வருவதைக் காட்டுங்கள். ஆஃப்டர் எப்போது வந்து கூப்பிட்டாலும் கவலையில்லை. 50க்குப் பதில் 80 மில்லிசெகண்ட் கழித்து வந்தால் திரையில் எண் கொஞ்சம் தாவும், ஆனால் காட்டும் எண் அந்தக் கணத்துக்குச் சரியானதாகவே இருக்கும். நடுவில் கணினி 3 நொடி திணறினாலும் அடுத்த முறை வரும்போது சரியான இடத்துக்கு வந்துவிடும். நேரத்தை அளப்பது ஒரு வேலை, திரையில் எழுதுவது வேறொரு வேலை. ஆஃப்டர் எழுதுவதற்கு மட்டும்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விவரங்கள்தான்.

எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பது?

பைத்தானின் 'டைம்' தொகுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட கடிகாரங்கள் உண்டு. எல்லோருக்கும் தெரிந்தது 'டைம்.டைம்'. அது சுவர்க் கடிகாரம், 1970 ஜனவரி 1இலிருந்து கழிந்த நொடிகளைச் சொல்லும். தேதி, மணி காட்ட அதுதான் சரி. ஆனால் சுவர்க் கடிகாரத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். கணினி இணைய நேர சேவையகத்தோடு ஒப்பிட்டு அதைத் தானே முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளும், நீங்களும் செட்டிங்கில் போய் மாற்றலாம். நீங்கள் அளந்துகொண்டிருக்கும்போது கடிகாரம் 2 நொடி பின்னால் தள்ளப்பட்டால் என்ன ஆகும்? தொடக்கத்தில் 100 என்று குறித்திருப்பீர்கள், ஒரு நொடி கழித்து 101க்குப் பதில் அது 99 என்று சொல்லும். கழித்தால் மைனஸ் 1.

இதெல்லாம் நிஜத்தில் நடக்குமா என்று நினைக்கலாம். நடந்தது. 2016 டிசம்பர் 31 முடியும்போது உலக நேரத்தில் ஒரு லீப் நொடி, அதாவது பூமியின் சுழற்சியோடு கடிகாரம் ஒட்டிப்போக ஒரு கூடுதல் நொடி, சேர்க்கப்பட்டது. இந்திய நேரப்படி 2017 புத்தாண்டு அதிகாலை 5.30 மணி. கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் இணைய முகவரியைச் சொல்லும்) மென்பொருளில், இரண்டு நேரங்களைக் கழித்தால் ஒருபோதும் மைனஸ் வராது என்ற நம்பிக்கையில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. கடிகாரம் ஒரு நொடி பின்வாங்கியதும் மைனஸ் வந்தது. அந்த எண் போய்ச் சேர்ந்த ஃபங்ஷன் மைனஸை ஏற்காது, அங்கேயே மென்பொருள் விழுந்துவிட்டது. அதை நம்பியிருந்த தளங்களில் ஒரு பகுதி கொஞ்ச நேரம் திறக்கவில்லை. அந்த மென்பொருள் எழுதப்பட்ட 'கோ' மொழியில், அதே 2017 ஆகஸ்டில் வந்த 1.9 பதிப்பில், நேரத்தைக் கழிக்கும்போது பின்னால் போகாத கடிகாரத்தைப் பயன்படுத்தும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது.

பைத்தானில் அந்த வசதி 2012இல் வெளியான 3.3 பதிப்பிலிருந்தே இருக்கிறது. 'மோனோடோனிக்' என்ற கடிகாரம் முன்னே மட்டும்தான் போகும், யார் மணியைத் திருத்தினாலும் அசையாது. 'பெர்ஃப் கவுன்டர்' என்பதும் அதே ரகம், இன்னும் நுண்ணிய அளவு தருவது. ஸ்டாப்வாட்ச்சுக்கு பெர்ஃப் கவுன்டரை எடுத்துக்கொள்ளலாம். அதைத் தனியாக அச்சிட்டுப் பார்த்தால் 48213.77 போல ஏதோ ஓர் எண் வரும். அதற்கென்று அர்த்தம் கிடையாது, இரண்டு எண்களைக் கழித்தால்தான் அர்த்தம். நமக்கும் கழித்தல்தானே வேண்டும்.

நிறுத்துவதும் தொடர்வதும்

நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கு அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். தொடக்கம் என்ற ஒரு மாறி மட்டும் இருந்தால் இது வராது. நிறுத்தி வைத்திருந்த நேரமும் கணக்கில் சேர்ந்துவிடும். எனவே 'சேமிப்பு' என்று இன்னொரு மாறி வைத்துக்கொள்வோம். இதற்கு முன் ஓடி முடிந்த துண்டுகளின் மொத்தம் அதில் இருக்கும். 'ஓடுகிறது' என்பது ஆம் அல்லது இல்லை என்று சொல்லும் மூன்றாவது மாறி. இவற்றோடு ஆஃப்டர் தரும் அழைப்பு எண்ணையும் வைத்துக்கொண்டால் மொத்த நிரலும் இவ்வளவுதான் ('இப்போது' என்றால் பெர்ஃப் கவுன்டர் அந்தக் கணத்தில் காட்டும் எண்):

தொடங்கு:
— ஓடுகிறது என்றால், ஒன்றும் செய்யாமல் திரும்பு
— தொடக்கம் = இப்போது
— ஓடுகிறது = ஆம்
— 'புதுப்பி'யைக் கூப்பிடு

நிறுத்து:
— ஓடவில்லை என்றால், ஒன்றும் செய்யாமல் திரும்பு
— சேமிப்பு = சேமிப்பு + (இப்போது − தொடக்கம்)
— ஓடுகிறது = இல்லை
— அழைப்பு எண்ணைக் கொடுத்து, காத்திருக்கும் அழைப்பை ரத்து செய்
— லேபிளில் காட்டு

மீட்டமை:
— சேமிப்பு = 0
— தொடக்கம் = இப்போது
— லேபிளில் காட்டு

கழிந்தது:
— ஓடுகிறது என்றால், சேமிப்பு + (இப்போது − தொடக்கம்)
— இல்லையென்றால், சேமிப்பு

புதுப்பி:
— 'கழிந்தது' தரும் எண்ணை லேபிளில் காட்டு
— அழைப்பு எண் = 50 மில்லிசெகண்ட் கழித்து 'புதுப்பி'யைக் கூப்பிடச் சொல்

எண்களை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். கடிகாரம் 500.0 காட்டும்போது தொடங்கு அழுத்துகிறீர்கள். 512.4இல் நிறுத்து. சேமிப்பில் 12.4 சேர்ந்தது. போன் வருகிறது, பேசி முடிக்கிறீர்கள். 700.0இல் மறுபடி தொடங்கு. இப்போது தொடக்கம் 700.0, சேமிப்பு அதே 12.4. 703.0இல் லேபிள் காட்டுவது 12.4 + 3.0 = 15.4. போன் பேசிய 187.6 நொடி எங்கேயும் நுழையவில்லை.

'ஓடுகிறது என்றால் திரும்பு' என்ற அந்த முதல் வரியைத் தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் தொடங்கு பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் இரண்டு ஆஃப்டர் சங்கிலிகள் ஒரே நேரத்தில் ஓடும். எண்ணிக் கூட்டும் பாணியில் எழுதியிருந்தால் ஸ்டாப்வாட்ச் இரட்டை வேகத்தில் பறக்கும். மூன்று தடவை அழுத்தினால் மூன்று மடங்கு. இணையத்திலிருந்து எடுத்த ஸ்டாப்வாட்ச் நிரல் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள இதைவிட வேகமான சோதனை இல்லை: தொடங்கு பட்டனைப் படபடவென்று தட்டிப் பாருங்கள். நம் கழித்தல் முறையில், தட்டும்போதெல்லாம் தொடக்கம் புதிதாக எழுதப்பட்டு அதுவரை ஓடிய நேரம் காணாமல் போகும். அதுவும் தவறுதான்.

ரத்து செய்யும் வரியும் அதே காரணத்துக்காகத்தான். நிறுத்து அழுத்தும்போது அடுத்த புதுப்பிக்கான அழைப்பு ஏற்கெனவே வரிசையில் காத்திருக்கும். அதை ரத்து செய்யாவிட்டால் நிறுத்திய பிறகும் அது வந்து ஓடும், ஓடிவிட்டு அடுத்த அழைப்பையும் கேட்கும். திரையில் எண் மாறாது என்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் மறுபடி தொடங்கு அழுத்தினால் சங்கிலி இரண்டாகிவிடும். 'ஆஃப்டர் கேன்சல்' என்று இதற்கென்றே ஒன்று உண்டு. ஆஃப்டர் திருப்பித் தரும் அழைப்பு எண்ணை அதனிடம் கொடுத்தால் போதும்.

மீட்டமை ஓடும்போதும் வேலை செய்யலாம், நின்றிருக்கும்போது மட்டும் வேலை செய்யும்படியும் வைக்கலாம். மேலே எழுதியிருப்பதில் ஓடும்போது அழுத்தினால் பூஜ்யத்திலிருந்து தொடர்ந்து ஓடும். கை தவறிப் பட்டுவிட்டால் அளந்த நேரம் போய்விடுமே என்று தோன்றினால், ஓடும்போது அந்தப் பட்டனை மங்கலாக்கிவிடுங்கள். நான் என்றால் மங்கலாக்கிவிடுவேன்.

பைத்தானில் எழுதும்போது மட்டும் ஒன்று. ஃபங்ஷனுக்குள் ஒரு மாறிக்கு மதிப்புக் கொடுத்தால் பைத்தான் அதை அந்த ஃபங்ஷனின் சொந்த மாறியாக எடுத்துக்கொள்ளும். வெளியே இருக்கும் சேமிப்பை மாற்ற வேண்டுமென்றால் 'குளோபல்' என்று முதலில் சொல்ல வேண்டும், அல்லது எல்லாவற்றையும் ஒரு கிளாஸுக்குள் வைக்க வேண்டும். முதல் தடவை குளோபல் போதும்.

நொடிகளை 00:00.00 ஆக்குவது

கழிந்தது என்பது 75.438 போல ஒரு தசம எண்ணாக வரும். அதை 01:15.43 என்று காட்ட வேண்டும். 60ஆல் வகுத்து நிமிடம், மீதியை இரண்டு தசம இடத்தோடு நொடி என்று எழுதினால் வேலை நடக்கும், ஒரே ஓர் இடத்தைத் தவிர. 59.996 என்று வரும்போது நிமிடம் 0. மீதி 59.996ஐ இரண்டு இடத்துக்கு முழுதாக்கினால் 60.00. ஆக திரையில் 00:60.00 என்று ஒரு கணம் மின்னி மறையும். அத்தனை சீக்கிரம் மறைவதால் நீங்கள் பார்க்காமலே போகலாம், சரியாக அந்த இடத்தில் நிறுத்தும் ஒருவருக்கு மட்டும் தெரியும்.

இதைத் தவிர்க்க, முதலிலேயே 100ஆல் பெருக்கி முழு எண்ணாக வெட்டிவிடுங்கள். 75.438 × 100 = 7543.8, வெட்டினால் 7543. இனி தசமமே கிடையாது. 7543ஐ 6000ஆல் வகுத்தால் ஈவு 1, அதுதான் நிமிடம். 7543ஐ 100ஆல் வகுத்த ஈவு 75, அதை 60ஆல் வகுத்த மீதி 15, அது நொடி. 7543ஐ 100ஆல் வகுத்த மீதி 43. மூன்றையும் இரண்டிரண்டு இலக்கமாக, முன்னால் பூஜ்யம் சேர்த்து எழுதினால் முடிந்தது.

நூற்றில் ஒரு பங்கு நொடி வரை காட்டுவதால் ஸ்டாப்வாட்ச் அவ்வளவு துல்லியம் என்று நினைத்துவிட வேண்டாம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி.உஷா 55.42 நொடியில் ஓடி நான்காவதாக வந்தார், மூன்றாம் இடத்துக்கு 55.41. வெண்கலம் போனது நூற்றில் ஒரு பங்கு நொடியில். அதை அளந்தது மின்னணுக் கருவி, யாருடைய கட்டை விரலும் இல்லை. ஒன்றைக் கண்ணால் பார்த்துக் கை பட்டனை அழுத்தவே ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். தடகளப் போட்டிகளில் கையால் எடுக்கும் நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு நொடிக்கு மேல்நோக்கி முழுதாக்கித்தான் எழுதுகிறார்கள். அதனால் லேபிளை 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மாற்றிக் கணினியை வதைக்கத் தேவையில்லை. வழக்கமான திரை நொடிக்கு 60 முறைதான் வரைகிறது, கடைசி இலக்கம் எப்படியும் கண்ணுக்குப் பிடிபடாது. 50 தாராளம். நிறுத்தும்போது நிறுத்து ஃபங்ஷன் கடைசியாக ஒருமுறை லேபிளை எழுதிவிடுவதால், நின்ற பிறகு தெரியும் எண் சரியாகவே இருக்கும்.

லேப் சேர்த்தால்

இவ்வளவு ஓடிவிட்டால், ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் தனியாகக் குறிக்கும் லேப் பட்டன் சேர்ப்பது நான்கு வரி வேலை. 'கடைசி லேப்' என்று ஒரு மாறி, முதலில் 0. லேப் அழுத்தும்போது கழிந்ததை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து கடைசி லேப்பைக் கழித்தால் இந்தச் சுற்றுக்கு ஆன நேரம். அதை ஒரு லிஸ்ட்பாக்ஸில் (வரிவரியாகப் பட்டியல் காட்டும் பெட்டி) சேர்த்துவிட்டு, கழிந்ததைக் கடைசி லேப்பில் எழுதிவிடுங்கள். கடிகாரத்தை ஒரே ஒரு தடவைதான் பார்க்க வேண்டும். சுற்று நேரத்துக்கு ஒருமுறை, மாறியில் எழுத ஒருமுறை என்று இரண்டு தடவை பார்த்தால் இடையில் போன துளி நேரம் எந்தச் சுற்றிலும் சேராது. எல்லாச் சுற்றையும் கூட்டினால் மொத்தத்தோடு ஒட்டாது. மீட்டமையில் கடைசி லேப்பையும் 0 ஆக்க மறக்காதீர்கள்.

பிரௌசரிலும் மொபைலிலும்

ஜாவாஸ்கிரிப்டில் இதையே எழுதப் போனாலும் கதை இதேதான், பெயர்கள் மட்டும் மாறும். ஆஃப்டருக்குப் பதில் 'செட் டைம்அவுட்', பெர்ஃப் கவுன்டருக்குப் பதில் 'பெர்ஃபார்மன்ஸ்.நவ்'. அங்கே எண்ணும் பாணி இன்னும் படுமோசமாகத் தோற்கும். வேறு டேபுக்குப் போனதும் பிரௌசர் பின்னால் இருக்கும் டேபின் டைமர்களை நொடிக்கு ஒருமுறை என்று குறைத்துவிடும். குரோமின் 2021 பதிப்பு 88 முதல், 5 நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் டேபில் நிமிடத்துக்கு ஒருமுறை என்று கூடச் சுருங்கலாம். கழிக்கும் ஸ்டாப்வாட்ச், நீங்கள் திரும்பி வந்ததும் ஒன்றுமே நடக்காதது போலச் சரியான நேரத்தைக் காட்டும்.

கடைசியாக, லேப்டாப்பை மூடி வைத்தால் என்ன ஆகும்? இதில் இயங்குதளத்துக்கு இயங்குதளம் நடத்தை வேறு. விண்டோஸில் பெர்ஃப் கவுன்டர் தூக்க நேரத்தையும் சேர்த்துச் சொல்லும். லினக்ஸில் அது தூங்கிய நேரத்தைக் கணக்கில் எடுக்காது. மூடியைத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆண்ட்ராய்டில் இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம் உண்டு: 'எலாப்ஸ்ட் ரியல்டைம்' மொபைல் தூங்கிய நேரத்தையும் சேர்க்கும், 'அப்டைம் மில்லிஸ்' சேர்க்காது. படிக்கும் நேரத்தை அளக்கிறீர்கள் என்றால் மூடி வைத்த நேரம் சேராமல் இருப்பதே நல்லது. அடுப்பில் வைத்த குக்கரை அளக்கிறீர்கள் என்றால் சேர்ந்தே ஆக வேண்டும். லினக்ஸில் அப்படித் தூக்கத்தையும் சேர்க்கும் கடிகாரம் வேண்டுமென்றால் 'கிளாக் பூட்டைம்' என்பது பைத்தான் 3.7 முதல் கிடைக்கிறது. நிரலில் 'இப்போது' என்பதைத் தனியாக ஒரு ஃபங்ஷனாக எழுதி வைத்திருந்தால் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும், மற்ற எதையும் தொட வேண்டாம்.